கம்பெனி போனாலும் அளவு போகாது



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் வாக்கு. மளிகைக் கடையில் உளுந்து அளப்பவருக்கும், ஜவுளிக் கடையில் துணி கிழிப்பவருக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இரும்புச் சாமானும் சைக்கிள் உதிரிபாகங்களும் மொத்த வியாபாரம் செய்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இதை ஒரு பால்காரரிடம் தலைகுனிந்துதான் கற்றுக்கொண்டோம். தயாரிப்பு நின்றுபோன சைக்கிள் சாமான்களைத் தேடிப்பிடிப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் பாடமாக எழுதுகிறோம். சைக்கிள் சாமான் விற்காத வணிகர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நெடுங்காடு பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் கடைக்கு வந்தார். அவர் தகப்பனார் காலத்து சைக்கிள், இங்கிலாந்தில் செய்த அசல் ராலே. பெடல் மிதித்தால் நடுவில் 'கடக் கடக்' என்று சத்தம். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, "பி.பி. கப் தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கி வா" என்று அனுப்பியிருக்கிறார்.

"முதலாளி, ராலே சைக்கிளுக்கு பி.பி. கப் வேணும்" என்றார் அவர்.

"ராலேக்கென்று தனியாக இப்போது வருவதில்லை. எல்லாம் ஒன்றுதான், இதைப் போடுங்கள்" என்று நாங்களே எடுத்துக் கொடுத்தோம். பையன் கொடுத்திருந்தால் பையன்மீது பழி போடலாம். கொடுத்தது நாங்கள்.

மறுநாள் மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து கடை வாசலில் நிறுத்தினார். புது கப் இரண்டு சுற்று நன்றாக ஏறியிருக்கிறது. பிறகு இறுகியிருக்கிறது. பழைய பிரேம், துரு இருக்கும் என்று நினைத்து மெக்கானிக் பெரிய ஸ்பானரைப் போட்டு முறுக்கிவிட்டார். பிரேமின் உள்மரை வாய்ப்பக்கத்தில் நசுங்கிப்போயிற்று. பழைய கப்பும் இனிமேல் ஏறாது, புதுக் கப்பும் ஏறாது.

அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. "நாளைக் காலையில் இருபது வீட்டுக்குப் பால் ஊற்றணும் முதலாளி" என்று மட்டும் சொன்னார். எங்கள் கடைச் சைக்கிளை எடுத்துக் கொடுத்து அனுப்பினோம். அது திரும்பி வரப் பதினாறு நாள் ஆயிற்று.

தவறு எங்கே?

நம் நாட்டில் பெரும்பாலான சைக்கிள்களின் பி.பி. கப்பில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இது ஆங்கிலேயரின் பொது அளவு. விட்டம் 1.370 அங்குலம். ஆனால் நாட்டிங்காமில் இருந்த ராலே கம்பெனி தன் வண்டிகளுக்கென்று தனி வழக்கம் வைத்திருந்தது. அதில் அங்குலத்துக்கு 26 மரை. விட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். கண்ணால் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதனால்தான் இரண்டு சுற்று ஏறியது, மூன்றாவது சுற்றில் மரையைக் கடித்தது.

இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. முற்றிலும் பொருந்தாத சாமானால் பெரிய கெடுதல் கிடையாது. அது ஏறவே ஏறாது, வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். கிட்டத்தட்டப் பொருந்தும் சாமான்தான் கெடுதல் செய்யும். அது கொஞ்சம் ஏறி, பொருந்தியதுபோல் நடித்து, நல்ல சாமானையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கம்பெனிகள் மறைகின்றன

பழைய சைக்கிள் வைத்திருப்பவர் கடையில் கேட்பது கம்பெனிப் பெயரைத்தான். நாமும் பெயரை வைத்தே தேடுகிறோம். ஆனால் பெயர்கள் நிலைப்பதில்லை.

ஆசன்சோலில் சென்-ராலே, பம்பாயில் ஹிந்த் சைக்கிள்ஸ் என்று ஒரு காலத்தில் பெரிய பெயர்கள் இருந்தன. நலிந்துபோன இவ்விரண்டையும் 1980ஆம் ஆண்டில் ஒரே சட்டத்தின் மூலம் மத்திய அரசு நாட்டுடைமையாக்கியது. அப்படியும் அவை பிழைக்கவில்லை. 1951ல் சோனேபட்டில் தொடங்கிய அட்லஸ், நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி அதன் சாகிபாபாத் தொழிற்சாலை வேலையை நிறுத்தியது. அன்றுதான் உலக மிதிவண்டி நாள் என்பது விதியின் வேடிக்கை. அந்த ராலேயின் நாட்டிங்காம் தொழிற்சாலையே 2002ல் மூடப்பட்டது.

ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் வட்டாரம் மேடு பள்ளம் இல்லாத ஆற்றுப்படுகை. திருநள்ளாற்றிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை சைக்கிள் மிதிப்பவருக்குச் சிரமம் இல்லை. வயலுக்குப் போகிறவர், மீன் கூடை கட்டுகிறவர், கீரை விற்கிறவர் என்று இன்றும் பலருக்கு அதுதான் வாகனம். கடல் காற்றின் உப்பு ரிம்மையும் ஸ்போக்ஸையும் சீக்கிரம் அரிக்கும். ஆகவே உதிரிபாகத்தின் தேவை மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம்.

கம்பெனி மூடியபின் அந்தத் தேவையை எது காப்பாற்றுகிறது? அளவு காப்பாற்றுகிறது. நம் நாட்டுச் சாதாரண சைக்கிள் பெரும்பாலும் ஆங்கிலேய அளவில் பிறந்தது. லூதியானாவில் சிறிதும் பெரிதுமாக உள்ள பட்டறைகள் இன்றைக்கும் அதே அளவில் கோன், கப், ஆக்சில், பிரீவீல் செய்கின்றன. பெட்டிமேல் இருக்கும் பெயர் வேறாக இருக்கலாம், உள்ளே இருக்கும் அளவு ஒன்று. மூன்று வேகப் பற்சக்கர ஹப்புக்குப் பெயர்போன ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியும் நாட்டிங்காமில் 2000ஆம் ஆண்டில் நொடித்தது. தைவான் நாட்டு சன்ரேஸ் கம்பெனி அதை வாங்கி, அதே பெயரில் தயாரிப்பைத் தொடர்ந்தது. ஆகவே பெயரை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொண்டு, அளவைக் கொண்டு தேட வேண்டும்.

காரைக்காலுக்கே உரிய சிக்கல்

நம் ஊர் 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. இங்கிருந்து சைகோன் போய்ப் பிழைத்துத் திரும்பிய குடும்பங்களும் பல. ஆகவே எப்போதாவது ஒரு பழைய வீட்டின் கொல்லையிலிருந்து பிரெஞ்சு வண்டி ஒன்று வெளியே வரும். பேரப்பிள்ளை அதைத் துடைத்து ஓட்ட ஆசைப்படுவார். அப்படிப்பட்ட வண்டி வந்தால் பழைய பிரெஞ்சு அளவுகள் பெரும்பாலும் மெட்ரிக் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பி.பி. கப்: ஆங்கில முறையில் 1.370 அங்குலம், 24 மரை; வலதுபக்கக் கப் இடது மரை. பிரெஞ்சு முறையில் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி; பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரை. ஆகவே கழற்றும்போதே கவனம் தேவை. பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

பெடல்: ஆங்கில முறையில் 9/16 அங்குலம், 20 மரை. பிரெஞ்சு முறையில் 14 மி.மீ., இடைவெளி 1.25 மி.மீ. 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ. வித்தியாசம் கால் மி.மீ.க்குச் சற்றே அதிகம். இதுவும் 'கிட்டத்தட்ட' ஜாதிதான். பிரெஞ்சுப் பெடலை ஆங்கிலக் கிராங்கில் போட்டால் தொளதொளவென்று ஏறிவிடும், ஏறி மிதிக்கும்போது மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

காட்டர் பின்: ஆங்கில வண்டிக்கு 9.5 மி.மீ., பிரெஞ்சு வண்டிக்கு 9 மி.மீ.

இரண்டு மரை ஒன்றுதானா என்று பார்க்க மரை அளவி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை. அது இல்லாதபோது ஒரு எளிய வழி உண்டு. பழைய கப்பையும் புதுக் கப்பையும் முதுகோடு முதுகாக மரைமேல் மரை படியும்படி சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு சீப்பின் பற்கள் பொருந்துவதுபோல் முழுக்கப் பொருந்தி வெளிச்சம் ஊடுருவாமல் இருந்தால் ஒரே மரை. ஓரிடத்தில் பொருந்தி மறு இடத்தில் விலகினால் வேறு மரை. அன்றைக்கு இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்திருந்தால் பால்காரரின் பிரேம் தப்பியிருக்கும்.

டயர் அளவில் உள்ள பொறி

உதிரிபாகங்களில் மிக அதிகமாகத் திரும்பி வரும் சரக்கு டயர்தான். காரணம், அங்குலக் கணக்கில் உள்ள குழப்பம்.

வாடிக்கையாளர் "26 டயர்" என்று கேட்பார். 26 அங்குல டயரில் வழக்கத்தில் உள்ளவை மட்டும் மூன்று ஜாதி. 26 × 1 3/8 ஒன்று. 26 × 1 1/2 ஒன்று. 26 × 1.50, 1.75 என்று புள்ளி வைத்து எழுதுவது மற்றொன்று. பின்னால் உள்ள எண் டயரின் பருமனை மட்டும் காட்டுகிறது, ரிம் ஒன்றுதான் என்று நினைத்தால் ஏமாந்தோம். மூன்றுக்கும் ரிம்மே வேறு. கணக்குப்படி ஒன்றரையும் 1.50-ம் ஒன்றுதான். டயர்க் கணக்கில் அவை வெவ்வேறு. பின்னமாக எழுதியது ஒரு ரிம்முக்கு, புள்ளி வைத்து எழுதியது வேறு ரிம்முக்கு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே உலக அளவில் மி.மீ. கணக்கு வந்தது. டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டாவது எண் ஒத்தால்தான் டயர் உட்காரும். கீழ்க்கண்ட எண்களைக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

28 × 1 1/2 (பெரிய சைக்கிள்) – 635
700 சி எனப்படும் புது ரக மெலிந்த டயர் – 622
26 × 1 3/8 – 590
26 × 1 1/2 – 584
26 × 1.50, 1.75, 1.95 முதலியன – 559
24 × 1 3/8 – 540

இதில் 622 அளவு டயரையும் சில இடங்களில் 28 என்றே எழுதுகிறார்கள். பெரிய சைக்கிளின் 635 ரிம்மில் அது ஏறாது. 590க்கும் 584க்கும் வித்தியாசம் 6 மி.மீ. மட்டுமே. 584 டயரை 590 ரிம்மில் நெம்பி ஏற்றப் பார்த்தால் விளிம்புக் கம்பி கெடும். 590 டயரை 584 ரிம்மில் போட்டால் சுலபமாக ஏறும், காற்று அடித்து ஓடும்போது கழன்று டியூப் வெடிக்கும். இதுவும் முன்பு சொன்ன 'கிட்டத்தட்ட' கதைதான்.

பழைய டயரில் எண் அழிந்திருந்தால் என்ன செய்வது? பொட்டலம் கட்டும் நூல் போதும், ஆனால் இழுபடாத நூலாக இருக்க வேண்டும். டயரைக் கழற்றி, டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் ரிம்மைச் சுற்றி நூலை ஒரு சுற்று இறுக்கிப் பிடித்து, நூலின் நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுங்கள். 635 ரிம்முக்கு நூல் சுமார் 1,995 மி.மீ. வரும். 590க்கு 1,854, 584க்கு 1,835, 559க்கு 1,756. விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நூலில் அது 19 மி.மீ. ஆகிவிடுகிறது, ஒளிய முடியாது.

ரிம் வாங்கும்போது ஓட்டைகளையும் எண்ண வேண்டும். நம் பழைய பெரிய சைக்கிளுக்கு முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ். புது வண்டிகளில் பெரும்பாலும் இரண்டிலும் 36. கூட்டினால் இரண்டும் 72 தான். அதை நம்பி ரிம்மை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஹப்போடு சேராது. ராடு பிரேக் வண்டியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ராடு பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மின் உட்புறத்தில், ஸ்போக்ஸ் பக்கமாக அழுத்துகிறது. பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்குக்காகச் செய்த ரிம்மைப் போட்டால் கட்டைக்குச் சரியான இடம் கிடைக்காது, வண்டி நிற்காது.

தேடும் படிகள்

மாதிரிச் சாமான் கைக்கு வந்து, அளவும் தெரிந்தபின் கீழ்க்கண்ட வரிசையில் தேடுவது எங்கள் வழக்கம். செலவும் அலைச்சலும் இந்த வரிசையில்தான் ஏறும்.

1. இன்றைய தயாரிப்பில் அதே அளவு. கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு அளவை மட்டும் சொல்லி மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். பால்ஸ் இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான பழைய வண்டியில் பி.பி.க்கும் பின் ஹப்புக்கும் 1/4 அங்குலம், முன் ஹப்புக்கு 3/16, பெடலுக்கு 5/32. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்த அளவு கிடைத்தால் போதும். பழையதில் ஒன்றிரண்டு தொலைந்தால் புதியதைக் கலக்காமல் முழு வரிசையையும் மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்ததும் தேயாததும் கலந்தால் பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும்.

2. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிச் சாமான்கள். பல பழைய அளவுகள், சாதாரண சைக்கிளில் வழக்கொழிந்த பின்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

3. பழைய கடைகளின் இருப்பு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஒவ்வொரு ஊரிலும் வியாபாரத்தை விட்டுவிட்ட சைக்கிள் கடைக்காரர் வீட்டில் தகர டப்பாக்கள் இருக்கும். துரு மேலோடு இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துப் பார்க்கலாம். பால்ஸ் ஓடும் பாதையில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

4. கழித்துப்போட்ட வண்டியிலிருந்து எடுப்பது. காயலான் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் உடைப்பதற்கு முன் சொல்லி அனுப்புவார்.

5. லேத்துப் பட்டறையில் செய்வது. ஆக்சில், புஷ், வாஷர் போன்றவற்றைக் கடைந்து வாங்கலாம். மாதிரியோடு அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தேய்ந்த மாதிரியைப் பார்த்துச் செய்தால் தேய்ந்த அளவில்தான் புதுச் சாமான் வரும்.

மாற்றுக் கொடுக்கக் கூடாதவை

சில சாமான்களில் "இதைப் போட்டு ஓட்டுங்கள்" என்று சொல்லவே கூடாது. வெடிப்பு விட்ட போர்க்கையோ கிராங்கையோ பற்றவைத்து விற்கக் கூடாது. ஹேண்டில் தண்டு தொளதொளவென்று இருந்தால் தகரம் சுற்றிக் கொடுக்கக் கூடாது. பிரேக் ராடுக்கு வேலிக் கம்பியை வளைத்துக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை நசுங்கிய காட்டர் பின்னைத் திரும்பப் போடச் சொல்லக் கூடாது. பத்து ரூபாய் சாமானில் கிடைக்கும் லாபத்துக்காக ஒருவர் கையை, காலை முறித்துக்கொள்ள நாம் காரணமாகலாமா? "கிடைக்கவில்லை" என்று சொல்வதும் ஒரு வியாபாரியின் கடமையே.

எங்கள் இரண்டாவது தவறு

இனி பால்காரர் கதைக்கு வருவோம். 26 மரைக் கப் தேடிப் பல ஊர்களுக்கு ஆள் அனுப்பினோம். அப்போது எங்கள் கடையில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, "தம்பி, நம்ம குடோனிலேயே ஒரு கோணிச் சாக்கில் இருந்ததே, அதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின ஆண்டு குடோனுக்கு வெள்ளை அடித்தபோது, தந்தையார் காலத்து முடங்கிய சரக்கு என்று அந்தச் சாக்கைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். உள்ளே என்ன இருந்தது என்று அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றில் போட்டோம், அளக்காமல் போட்டோம்.

கடைசியில் நாகப்பட்டினத்தில் வியாபாரத்தை நிறுத்திவிட்ட ஒரு வீட்டில், நெய் டப்பா ஒன்றில் இரண்டு ஜோடி கிடைத்தன. விலை கேட்டோம். "உபயோகப்படட்டும், எடுத்துப் போங்கள்" என்றார் அந்த வீட்டு அம்மையார். வற்புறுத்தித்தான் பணம் கொடுத்தோம். லேத்துப் பட்டறைக்காரர் பிரேமின் நசுங்கிய மரையைச் சீர்செய்து கொடுத்தார். அந்தச் செலவை நாங்கள் ஏற்றோம். பதினேழாம் நாள் பால்காரர் தன் வண்டியில் போனார். இன்னொரு ஜோடி எங்கள் கடையில் இருக்கிறது, டப்பாமேல் அளவு எழுதியிருக்கிறது.

அளவுப் பேரேடு

அந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கி அளவுப் பேரேடு தொடங்கினோம். ஒவ்வொரு பழைய சாமானுக்கும் ஒரு வரி. சாமானின் பெயர், விட்டம், மரை, எந்தப் பக்கம், எண்ணிக்கை, இருக்கும் இடம் ஆகிய ஆறு கட்டங்கள் போதும். கம்பெனிப் பெயரைக் கடைசியில் சிறிதாக எழுதுகிறோம். ஒரு பலகையில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு மாதிரியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வருகிறவர் தன் சாமானை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் படம் அனுப்பி "இது இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். படத்தில் மரை தெரியாது. "சாமானைக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்" என்று பதில் சொல்கிறோம்.

பழைய சரக்கு எல்லாவற்றையும் கட்டி வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. முதல் முடங்கும், இடம் அடையும் என்பது எங்களுக்கும் தெரியும். துருவேறி இற்றதைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் கழிக்கும்முன் அவிழ்த்துப் பாருங்கள், அளந்து எழுதுங்கள், நாலு பேரைக் கேளுங்கள். அழிந்துபோனது என்று கணக்கிலிருந்து தள்ளும் சரக்குக்கு, முன்பு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கிடைக்காத சாமான் என்று தெரிந்தவுடன் பத்து மடங்கு கேட்கும் ஆசை யாருக்கும் வரும். அரிய சாமானைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் புது வண்டி வாங்க வசதி இல்லாதவர். தேடிய செலவையும் நியாயமான லாபத்தையும் வையுங்கள், அதற்குமேல் வேண்டாம். அந்தப் பால்காரர் அதற்குப்பின் எங்கள் கடைக்கு அனுப்பிய ஆட்களை எண்ணினால், நாங்கள் செலவழித்தது ஒன்றுமே இல்லை.

மளிகைக் கடைக்கு இதில் என்ன?

கிராமத்து மளிகைக் கடையில் வால்வு டியூபும் பஞ்சர் சொல்யூஷனும் கட்டித் தொங்குவது வழக்கம்தான். அதைவிட முக்கியம், குக்கர் கேஸ்கட்டும் மிக்ஸி ஜார் கப்ளரும் விற்காத கடை ஏது? அங்கேயும் இதே கதைதான். மூடிப்போன கம்பெனியின் குக்கரைக் கொண்டுவந்து ஓர் அம்மா கேஸ்கட் கேட்பார். "எல்லாம் ஒன்றுதான், போடுங்கள்" என்று கொடுப்பது சுலபம். கொஞ்சம் சிறிய கேஸ்கட் ஆவியை விடும். கொஞ்சம் பெரியது மூடியைச் சரியாக உட்காரவிடாது. அதன் பாதுகாப்பு வால்வில் கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டால் ஆபத்து அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கும். பழையதைக் கொண்டுவரச் சொல்லி, புதியதன்மேல் வைத்துப் பார்த்தபின் கொடுங்கள். அதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒரு கடையில் முடங்கிய சரக்கு இன்னொரு கடையில் தேடும் சரக்காக இருக்கிறது. நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் கடையில் உள்ள பழைய உதிரிபாகங்களின் பட்டியலை, அளவோடு, ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுத்தால் ஒரு பொதுப் பட்டியல் உருவாகும். நெடுங்காட்டில் கேட்பது கோட்டுச்சேரியில் கிடைக்கும், நிரவியில் கேட்பது திருநள்ளாற்றில் கிடைக்கும். வயதான சைக்கிள் மெக்கானிக்குகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்த மரை என்பது அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய காலம் இதுதான்.

முதல் தாளாக எங்கள் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். 26 மரை பி.பி. கப், ஒரு ஜோடி என்பது அதில் முதல் வரி.